‘உங்கட நாட்டுக்குப் போ’ என்ற ஏச்சைக் கேட்டுவரும் பிள்ளையிடம் என்ன சொல்வது?

லண்டனிலோ லெஸ்டரிலோ வளரும் தமிழ்ப் பிள்ளையை நிறத்தையோ பெயரையோ மதியச் சாப்பாட்டையோ வைத்து ஒருவர் சீண்டுவதற்கு, அது உயர்நிலைப் பள்ளிக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஐந்து, ஆறு வயதிலேயே அது நடந்துவிடலாம். பெற்றோர் அதைப் பற்றி வாய் திறப்பதோ பெரும்பாலும் ஏதாவது நடந்த பிறகுதான். அதுவும் கோபத்தோடு, கார் ஓட்டிக்கொண்டே, அரைகுறையாக. பிரிட்டனில் பிள்ளை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களை மனத்தில் வைத்து, இந்தப் பேச்சை எப்படித் தொடங்குவது, எங்கே அது பிசகுகிறது என்பதை இங்கே பார்க்கலாம்.

உளவியலில் இதற்கு ‘இனம் சார்ந்த சமூகமயமாக்கல்’ என்று பெயர். நாம் யார், பிறர் நம்மை எப்படிப் பார்க்கக்கூடும், யாராவது கேவலமாக நடத்தினால் என்ன செய்வது என்பதையெல்லாம் வீடு பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கும் விதம், அவ்வளவுதான். வாயால் சொல்வது மட்டும் இதில் அடங்காது. பேருந்தில் ஒருவன் முறைத்தபோது அம்மா சட்டென்று தமிழில் பேசுவதை நிறுத்தினார் என்றால் அதுவும் ஒரு பாடம்தான்.

அமெரிக்க உளவியலாளர் டயான் ஹியூஸும் அவருடைய சகாக்களும் 2006இல் இத்துறை ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வீட்டுப் பேச்சை நான்கு வகையாகப் பிரித்தார்கள். முதலாவது, மொழி, வரலாறு, பண்டிகை, உறவுகள் வழியாகப் பெருமிதத்தை ஊட்டுவது. இரண்டாவது, பாகுபாடு வரக்கூடும் என்று சொல்லி அதைச் சமாளிக்க ஆயத்தப்படுத்துவது. மூன்றாவது, ‘வெள்ளைக்காரனை நம்பாதே’ என்ற மாதிரி மற்ற இனத்தவர்மீது அவநம்பிக்கையை வளர்ப்பது. நான்காவது, ‘எல்லாரும் மனிதர்கள்தான், நீ உன் வேலையைப் பார்’ என்று சொல்லி இனம் என்ற பேச்சையே எடுக்காமல் விடுவது.

பெருமிதம் ஊட்டப்பட்ட பிள்ளைகளிடம் தன்மதிப்பு கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் ஓரளவு சீராகவே காட்டிவந்திருக்கின்றன. அவநம்பிக்கை நல்ல பலன் தருவதாகத் தெரியவில்லை. சிக்கல் இரண்டாவது வகையில்தான். ஆயத்தப்படுத்துவது சில ஆய்வுகளில் உதவியிருக்கிறது, சிலவற்றில் பதற்றத்தைக் கூட்டியிருக்கிறது. காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. ‘உன்னை ஒதுக்குவார்கள், கவனமாக இரு’ என்று சொல்லிவிட்டு, ஒதுக்கினால் என்ன செய்வதென்று சொல்லாமல் விட்டால், பிள்ளையிடம் இருப்பது பயம் மட்டும்தான். வகுப்பில் யார் சிரித்தாலும் தன்னைப் பார்த்துத்தானோ என்று அது தேடத் தொடங்கும். எச்சரிக்கை ஒரு பங்கு என்றால், செய்யவேண்டியதைச் சொல்லிப் பழக்குவது மூன்று பங்காவது இருக்க வேண்டும். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதியும் அந்த மூன்று பங்கைப் பற்றித்தான்.

சின்னப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?

பிள்ளை கவனிக்காது என்ற நம்பிக்கை தவறு. மூன்று மாதக் குழந்தைகளே தங்களைச் சுற்றி அதிகம் காணும் இனத்தவரின் முகங்களைக் கூடுதல் நேரம் பார்ப்பதை 2005இல் பிரிட்டனில் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அது வெறுப்பல்ல, பழக்கம். ஆனால் பாலர் வகுப்புக்குப் போகும் வயதில் நிறத்தை வைத்து ஆட்களைப் பிரிக்கவும், எது ‘நல்ல’ நிறம் என்று ஊகிக்கவும் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுகிறது. 1940களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதியர் கறுப்பினக் குழந்தைகளிடம் வெள்ளைப் பொம்மையையும் பழுப்புப் பொம்மையையும் கொடுத்து எது நல்ல பொம்மை என்று கேட்டபோது, பலர் வெள்ளையைக் காட்டினார்கள். அமெரிக்கப் பள்ளிகளில் இனப் பிரிவினையைச் சட்டவிரோதமாக்கிய 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பில் இந்த வகை ஆய்வுகள் மேற்கோள் காட்டப்பட்டன.

அந்தக் குழந்தைகளுக்கு யாரும் உட்கார வைத்துப் பாடம் எடுக்கவில்லை. கடையில் இருந்த பொம்மைகளும் சுவரொட்டிகளும் போதுமாக இருந்தன. வீடு பேசாமல் இருந்தால் பிள்ளை இரண்டு முடிவுக்கு வரும்: இது பேசக்கூடாத விஷயம், ஆகவே இதில் ஏதோ வெட்கப்பட இருக்கிறது.

பெற்றோரின் மௌனம் எங்கிருந்து வருகிறது

இலங்கைத் தமிழ்க் குடும்பங்களில் இந்த மௌனத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக வெடித்த கலவரத்தைக் கொழும்பில் கண்டவர்கள், பிறகு சோதனைச்சாவடிகளில் அடையாள அட்டையோடு வரிசையில் நின்றவர்கள், தலையைக் குனிந்து வாயைத் திறக்காமல் இருந்ததால் உயிர் தப்பியவர்கள். முறைப்பாடு கொடுக்கப் போனால் கொடுக்கப் போனவருக்கே ஆபத்து என்ற ஊரில் அது புத்திசாலித்தனம். ‘கண்டும் காணாத மாதிரி வா, படிச்சு முன்னுக்கு வா’ என்று அவர்கள் பிள்ளைக்குச் சொல்வது அங்கே கற்றதைத்தான்.

பிரிட்டனில் நிலைமை வேறு. இங்கே இனவாதம் இல்லாமல் இல்லை. ஆனால் எழுத்தில் முறையிட்டவரின் கை இங்கே ஓங்கியிருக்கும். வாயை மூடியவரின் விஷயம் எந்தக் கோப்பிலும் ஏறாது. பழைய ஊரின் பாதுகாப்பு முறையைப் புதிய ஊரின் பள்ளிக்கூடத்துக்கு அப்படியே கொண்டுவந்தால், பிள்ளைக்கு இருக்கும் உரிமைகள் பயன்படாமலே போகும்.

‘மற்றவர்களைவிட இரண்டு மடங்கு உழைக்க வேணும்’ என்பதும் பல வீடுகளில் சொல்லப்படும் வரிதான். உண்மை கொஞ்சம் இருக்கிறது. ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு அது, கேலி நிற்காவிட்டால் நான் போதிய அளவு உழைக்கவில்லை என்று கேட்கும். நூற்றுக்கு நூறு வாங்கினாலும் ‘கறி மணக்குது’ என்று சொல்கிறவன் சொல்லிக்கொண்டுதான் இருப்பான். மதிப்பெண் வேறு, இது வேறு.

எந்த வயதில் எவ்வளவு

மூன்றிலிருந்து ஐந்து வயதில் நிறத்துக்குப் பெயர் சொன்னாலே போதும். தோலில் மெலனின் என்று ஒன்று இருக்கிறது, அது கூடுதலாக இருந்தால் கூடுதல் பழுப்பு, அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அது நிறைய இருந்ததால் உனக்கும் இருக்கிறது. இரண்டு நிமிடத்தில் முடியும். வண்ணப் பென்சில் பெட்டியில் தன் தோல்நிறம் எது என்று தேடச் சொல்லுங்கள். சுப்பர்மார்க்கெட்டில் பிள்ளை யாரையாவது காட்டி ‘அவர் ஏன் கறுப்பு?’ என்று உரக்கக் கேட்டால் வாயைப் பொத்தாதீர்கள். ‘ஓம், அவருக்கு எங்களைவிடக் கூட மெலனின். வடிவா இருக்கிறார், என்ன?’ என்று அதே குரலில் பதில் சொல்லுங்கள்.

ஆறிலிருந்து எட்டு வயதில் நியாயம், அநியாயம் என்ற சொற்கள் பிள்ளைக்கு நன்றாகப் பிடிபட்டிருக்கும். ‘சில பேர் தோல் நிறத்தைப் பார்த்து அநியாயமா நடப்பினம். அது பிழை. அப்பிடி நடந்தா எங்களிட்டச் சொல்லு, நாங்கள் சேர்ந்து யோசிப்பம்’ என்பது இந்த வயதுக்குப் போதுமான எச்சரிக்கை. இதற்குமேல் படுகொலைக் கதைகள் வேண்டாம்.

ஒன்பது, பத்து வயதிலிருந்து வரலாறு சொல்லலாம், சொல்லவும் வேண்டும். கதையில் அடிபட்டவர்கள் மட்டும் வந்தால் போதாது, எதிர்த்து நின்றவர்களும் வர வேண்டும். 1963இல் பிரிஸ்டலில் கறுப்பினத்தவரையும் ஆசியரையும் பேருந்துப் பணியாளர்களாகச் சேர்க்க மறுத்தபோது, மக்கள் பேருந்தைப் புறக்கணித்து நான்கு மாதத்தில் அந்தத் தடையை உடைத்தார்கள். இரண்டு ஆண்டுக்குப் பிறகு, இனப் பாகுபாட்டுக்கு எதிரான பிரிட்டனின் முதல் சட்டமான இனஉறவுச் சட்டம் வந்தது. 1976இல் வடமேற்கு லண்டனில் கிரன்விக் என்ற, புகைப்படம் கழுவும் ஆலையில் சேலை கட்டிய ஜெயாபென் தேசாய் தலைமையில் தொடங்கிய வேலைநிறுத்தம் 1978 வரை நீண்டது. தொழிலாளர்கள் கேட்டது கிடைக்கவில்லை. ஆனால் ஆசியப் பெண்கள் பேசாமல் இருப்பார்கள் என்ற எண்ணம் அதோடு போயிற்று. தமிழர் வேண்டுமென்றால் அம்பலவாணர் சிவானந்தன் இருக்கிறார். 1958 கலவரத்துக்குப் பின் இலங்கையை விட்டு லண்டனுக்கு வந்து, இனஉறவுகள் நிறுவனத்தின் இயக்குநராகப் பல ஆண்டுகள் இருந்து, பிரிட்டிஷ் இனவாதத்தைப் பற்றி அஞ்சாமல் எழுதியவர். தமிழ்ப் பள்ளிகளின் சனிக்கிழமை வகுப்புகளில் இவர் பெயர் வருவது அபூர்வம் என்பது ஒரு குறைதான்.

பெருமிதத்தைப் பற்றி இன்னொன்று. ‘தமிழ்தான் உலகின் மூத்த மொழி’ என்ற முழக்கம் மட்டும் பிள்ளையை வகுப்பறையில் காப்பாற்றாது. அம்மம்மா சொல்லும் கதை, தானே சுட்ட தோசை, தானே வாசித்த நாலு வரி, இவைதான் கேலி வரும்போது பிடித்துக்கொள்ள இருப்பவை.

சொல்லிக்கொண்டு வருகிற அந்த மாலை

பிள்ளை நேரடியாகச் சொல்வது குறைவு. சாப்பாட்டுப் பெட்டி அப்படியே திரும்பி வரும். இனிமேல் சாண்ட்விச் மட்டும் வேண்டும் என்று கேட்கும். ‘பள்ளிக்கூடக் கேட்டடியில தமிழில கதைக்காதேங்கோ’ என்று சொல்லும். குளிக்கும்போது தோலைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். திங்கட்கிழமைகளில் வயிற்று வலி வரும். இவற்றுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம்; ஆனால் கேட்டுப் பார்க்க வேண்டியவை.

கேட்கும்போது முகத்துக்கு நேரே உட்கார வேண்டாம். வெங்காயம் உரித்துக்கொண்டோ, நடந்துகொண்டோ கேட்டால் பிள்ளைக்குச் சுலபம். ஏழு வயதுப் பிள்ளை ‘அவன் என்னைப் பீ நிறம் எண்டு சொன்னவன்’ என்று தொடங்கினால், வீட்டில் நடக்கும் வழக்கமான உரையாடல் இப்படித்தான் இருக்கும்: ‘ஆர் சொன்னது? நீ முதல் என்ன செய்தனீ? ரீச்சரிட்டச் சொன்னனியோ? ஏன் சொல்லேல்லை?’ நான்கு கேள்விக்குள் பிள்ளை குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. அடுத்த முறை அது சொல்லாது.

முதல் ஐந்து நிமிடத்துக்கு மூன்று வரி போதும். ‘சொன்னது நல்லது, குஞ்சு.’ ‘அவன் சொன்னது பிழை. உன்னில ஒரு பிழையும் இல்லை.’ ‘அப்ப உனக்கு எப்பிடி இருந்தது?’ பிறகு வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். பெற்றோருக்கு ஆத்திரம் வருவது இயல்பு. ஆனால் அப்பா கத்தினால் பிள்ளை தன் கவலையை விட்டுவிட்டு அப்பாவைச் சமாதானப்படுத்தத் தொடங்கிவிடும். ஆத்திரம் பிள்ளை படுத்த பிறகு, பெரியவர்களுக்குள்.

‘அவன் பகிடிக்குத்தான் சொல்லியிருப்பான்’ என்பதைத் தவிருங்கள். அது உண்மையாகவே இருந்தாலும், உனக்கு வலித்தது கணக்கில் இல்லை என்றுதான் பிள்ளைக்குப் புரியும். ‘திருப்பி அடி’யும் உதவாது. பள்ளியின் ஒழுங்குமுறையில் சொல்லால் சீண்டியவனைவிடக் கையால் அடித்தவன்தான் முதலில் அகப்படுவான்.

தெற்காசியர் எல்லாரையும் பாகிஸ்தானியரைக் குறிக்கும் வசைச்சொல்லால் ஏசுவது இங்கே பல பத்தாண்டுகளாக உள்ள வழக்கம். அதற்குப் பல தமிழ்ப் பெற்றோர் உடனே சொல்லிக் கொடுக்கும் பதில், ‘நாங்கள் பாகிஸ்தான்காரர் இல்லை எண்டு சொல்லு.’ அப்படியென்றால் வகுப்பில் இருக்கும் பாகிஸ்தானியப் பிள்ளையை ஏசினால் சரியா? முகவரி தப்பியது என்று திருத்துவது பதில் ஆகாது.

பழக்கிப் பார்ப்பது

உடம்பு சூடாகி நெஞ்சு அடித்துக்கொள்ளும் நேரத்தில் புதிதாக எதுவும் யோசிக்க வராது. அதனால் வீட்டிலேயே ஒத்திகை வேண்டும். பென்சில்வேனியா பல்கலைக்கழக உளவியலாளர் ஹோவர்ட் ஸ்டீவன்சன் இதற்கு ஒரு வரிசை சொல்லிக் கொடுக்கிறார். எவ்வளவு கோபம் அல்லது பயம் என்று ஒன்றிலிருந்து பத்துக்குள் எண் கொடுப்பது, உடம்பில் எங்கே அது இருக்கிறது என்று கண்டுபிடிப்பது, தனக்குள் ஒரு வரி சொல்லிக்கொள்வது, மூச்சை இழுப்பது, மெல்ல விடுவது. ‘எட்டு. தொண்டையில நிக்குது. நான் பிழை செய்யேல்லை.’ ஒரு மூச்சு. முழுவதற்கும் பத்து விநாடி போகும். எண் ஐந்துக்குக் கீழே இறங்கினால் பேசலாம். இறங்காவிட்டால் நடந்து போய்விடலாம். அது தோல்வி இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள்.

பேசுவதற்கான வரி ஏழெட்டுச் சொல்லுக்குள் இருக்க வேண்டும். ‘அப்படி என்னைக் கூப்பிடாதே. அது இனவாதம்.’ ‘இதில என்ன பகிடி? விளங்கப்படுத்து பார்ப்பம்.’ இரண்டாவது வரி கேலிக்காரனைத் தடுமாற வைக்கும், ஏனென்றால் விளக்கத் தொடங்கினால் அவனுக்கே வெட்கமாகிவிடும். முக்கியமாக, ஒத்திகையை ஆங்கிலத்தில் செய்யுங்கள். திடலில் பேசப்போவது அந்த மொழியில்தான். வீட்டில் தமிழில் பழகிய வரி அங்கே வாயில் வராது. வாரத்துக்கு இரண்டு தடவை, தடவைக்கு ஐந்து நிமிடம், அம்மா கேலிக்காரனாக நடிக்கலாம். அடுத்த சுற்றில் பிள்ளை கேலிக்காரன், அம்மா பதில் சொல்பவர். பிள்ளைகள் இதில் சிரித்துப் புரள்வார்கள், சிரித்தால் நல்லது.

‘நீ உண்மையா எந்த ஊர்?’ என்ற கேள்வி எப்போதும் வசை இல்லை. ஆவலில் கேட்பவரும் உண்டு, நீ இந்த ஊர் இல்லை என்று சொல்லக் கேட்பவரும் உண்டு. இரண்டு பதிலைக் கையில் கொடுத்து, எது வேண்டுமோ அதைப் பிள்ளையே எடுத்துக்கொள்ள விடுங்கள்: ‘நான் ஹரோவில் பிறந்தேன்’, அல்லது ‘ஹரோ. அம்மா அப்பா யாழ்ப்பாணம்.’

பள்ளிக்கு எழுதுவது

ஒரு கொப்பியில் நாள், நேரம், இடம், சொல்லப்பட்ட வார்த்தைகள் அப்படியே, பக்கத்தில் நின்றவர்கள் யார் என்று அன்றிரவே எழுதுங்கள். மூன்று நாள் போனால் வார்த்தை மாறிவிடும். ‘இனவாதமாகப் பேசினான்’ என்று எழுதினால் பள்ளி மழுப்பிவிடும். சொன்ன சொல்லையே எழுதினால் மழுப்ப முடியாது.

பிறகு வகுப்பாசிரியருக்கு மின்னஞ்சல். நேரில் பேசினாலும், பேசியதைச் சுருக்கி அன்றே மின்னஞ்சலில் அனுப்புங்கள். மூன்று விஷயம் கேட்க வேண்டும்: இதை இனவாதச் சம்பவமாகப் பதிவு செய்தீர்களா, என் பிள்ளைக்கு என்ன பாதுகாப்பு, எந்தத் தேதிக்குள் பதில். பதில் வராவிட்டால் தலைமை ஆசிரியர், அதற்குமேல் எழுத்து மூல முறைப்பாடு, அதன்பின் பள்ளியை மேற்பார்க்கும் ஆளுநர் குழு. முறைப்பாட்டு விதிமுறை பள்ளியின் இணையத்தளத்தில் இருக்கும்.

1993இல் ஸ்டீவன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் லண்டனில் கொல்லப்பட்டு, அந்த வழக்கைக் காவல்துறை கையாண்ட விதத்தை ஆராய்ந்த மக்பர்சன் அறிக்கை 1999இல் வந்தது. பாதிக்கப்பட்டவரோ வேறு எவருமோ ஒரு சம்பவத்தை இனவாதம் என்று உணர்ந்தால், அதை இனவாதச் சம்பவமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அது வரையறுத்தது. சம்பவம் நடந்ததா, யார் தவறு என்பதை விசாரிப்பது அதற்குப் பிறகு. ‘அப்படி நினைத்துச் சொல்லவில்லையாம்’ என்று பள்ளி சொன்னால் இந்த வரையறையை நினைவூட்டலாம்.

2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒரு மாணவன் இன்னொரு மாணவனை ஏசுவதை அந்தச் சட்டம் நேரடியாகத் தொடாது. அது கட்டுப்படுத்துவது பள்ளியை. மற்றச் சீண்டல்களைக் கடுமையாக எடுத்துவிட்டு இனவாதச் சீண்டலை மட்டும் பள்ளி லேசாக விட்டால், அங்கே பள்ளி சட்டத்தை மீறியிருக்கலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதற்காக நீதிமன்றம் போவதற்குப் பொதுவான கால எல்லை ஆறு மாதம். பெரும்பாலான விஷயங்கள் அவ்வளவு தூரம் போவதில்லை. ஆனால் கொப்பி இல்லாமல் எதுவும் போகாது.

அடி, மிரட்டல் என்று போனால் காவல்துறையை அழையுங்கள்: அவசரத்துக்கு 999, மற்றபடி 101. வீட்டில் சொல்ல விரும்பாத பிள்ளை, சிறுவர்களுக்கான தொலைபேசி உதவிச் சேவையான சைல்ட்லைனை 0800 1111இல் இலவசமாக அழைக்கலாம். தொலைபேசிக் கட்டணச் சீட்டில் அந்த எண் வராது. இதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பதின்ம வயது

இந்த வயதில் அறிவுரை எடுபடாது, தகவல் எடுபடும். தெருவில் காவலர் நிறுத்திச் சோதனையிட்டால் என்ன செய்வது என்பதை, குறிப்பாக ஆண்பிள்ளைகளுக்கு, ஒரு முறையாவது சொல்லியிருக்க வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காவலர் எந்தச் சட்டத்தின்கீழ், என்ன காரணத்துக்காக, எதைத் தேடுகிறார் என்றும், தன் பெயர் அல்லது எண், நிலையம் எது என்றும் சொல்ல வேண்டும். சோதனைக்காகப் பெயர், முகவரி கொடுக்கவேண்டிய கட்டாயம் இல்லை. சோதனைப் பதிவின் பிரதியை மூன்று மாதத்துக்குள் கேட்டு வாங்கலாம். கை வெளியே தெரிய, குரல் தாழ்வாக, ஓடாமல், தள்ளாமல். வாக்குவாதம் பிறகு, எழுத்தில்.

2024 ஜூலை இறுதியில் வடமேற்கு இங்கிலாந்தின் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டு, கொலையாளி அகதி என்ற பொய் இணையத்தில் பரவி, பல நகரங்களில் கலவரம் வெடித்த வாரத்தில், பதின்ம வயதினர் பெற்றோருக்கு முன்பே எல்லாக் காணொளிகளையும் பார்த்திருந்தார்கள். அப்படிப்பட்ட வாரத்தில் ‘நியூசைப் பார்க்காதே’ என்பது வேலைக்காகாது. ‘நீ என்ன பார்த்தனீ?’ என்று கேட்டுவிட்டு, எது பொய் என்பதையும், நம் தெருவில் உண்மையில் என்ன நிலைமை என்பதையும், இந்த வாரம் யார் யாரைக் கூட்டிவருவது என்பதையும் பேசுங்கள். ஆகஸ்ட் 7ஆம் தேதி லண்டனின் வால்தம்ஸ்டோவில் ஆயிரக்கணக்கானோர் கலவரக்காரருக்கு எதிராகத் தெருவில் கூடியதையும் சேர்த்துக் காட்டுங்கள். அதுவும் அதே வாரத்துச் செய்திதான்.

நம் வீட்டு வாய்

வெளியே கேட்கும் இனவாதத்தை எதிர்க்கச் சொல்லிக் கொடுக்கும் வீட்டிலேயே கறுப்பினத்தவரைக் ‘காப்பிலி’ என்பதும், ‘வெயிலில நிக்காதே, கறுத்துப் போவாய்’ என்பதும், கலியாணப் பேச்சில் ‘பெட்டை நல்ல வெள்ளை’ என்பதும், சாதியை ஜாடையாக விசாரிப்பதும் நடக்கின்றன. பிள்ளை இரண்டையும் கேட்கிறது. நிறம் ஒரு குறை என்பதை முதலில் வீட்டில் கற்ற பிள்ளைக்குப் பள்ளியில் கேட்ட வசை உண்மை போலத்தான் படும். நாம் செய்யும் ஆயத்தம் முழுவதும் அந்த இடத்தில் வீணாகிறது.

அம்மம்மாவை எழுபத்தைந்து வயதில் மாற்றுவது நடக்கிற காரியமல்ல. வீடியோ அழைப்பில் அவர் ‘பிள்ளை கறுத்துப் போச்சு’ என்றால், சண்டை பிடிக்கத் தேவையில்லை. பிள்ளை பக்கத்தில் இருக்கும்போதே, அதன் காதில் விழும்படி, ‘இல்லை அம்மா, நல்லா வெளியில ஓடி விளையாடுறாள், வடிவா இருக்கிறாள்’ என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போங்கள்.